துரை வண்டியின் சத்தம்

பதுளை பஜாரில் நான் சைக்கிள் பழுது பார்ப்பவன். மேடேறும்போது தன் மோட்டார் சைக்கிள் சட்டென்று வேகம் எடுப்பதில்லை என்று தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரை ஒருவர் கொண்டுவந்தார். எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பல் குறைந்த ஒன்றைப் போட்டேன். வண்டி பாய்ந்தது. ஆனால் மெதுவாகப் போனாலும் எஞ்சின் அலறியது.

தெமோதரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். கொழுந்துக் கூடையோடு முன்னால் போன ஒருத்தி, திரும்பிப் பார்க்காமலே ரோட்டோரத் தண்ணீர்க் கானில் குதித்தாள். கூடை கவிழ்ந்து கொழுந்தெல்லாம் தண்ணீரில் மிதந்தது.

"மெதுவாத்தானே வந்தேன், எதுக்குக் குதிச்ச?" என்று கத்தினேன்.

அவள் நிமிர்ந்தாள். "அட, பஜார் தம்பியா? தொரைன்னுல்ல குதிச்சேன். நின்னு திரும்பிப் பாத்தா தொரைகிட்ட திட்டு விழும். சத்தத்த வச்சுத்தான் நாங்க ஒதுங்குறது. இந்தச் சத்தத்துக்குக் குதிக்காம என்ன செய்ய?"

வண்டியை நிறுத்திவிட்டுக் கானில் இறங்கினேன். இருவருமாகக் கொழுந்தைப் பொறுக்கினோம். நனைந்த கொழுந்து என்று கணக்கப்பிள்ளை அவளுக்கு அரை நாள் கூலிதான் எழுதினார்.

மறுநாள் துரை ஓட்டிப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். நடந்ததை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். யாரிடமும் சண்டைக்கு நிற்பவன் நான். அன்று சலாம் போட்டேன்.

அந்த அலறல் பஜாரைத் தாண்டி மேடேறும்போதெல்லாம் என் கைவேலை நின்றுவிடும். எந்தத் திருப்பத்தில் யார் குதிக்கிறார்களோ.