சாவிக்கு அடங்காத ஜீப்

பிள்ளைகளா, போன வாரம் கார் பார்க்கப் போன இடத்தில் நீங்கள் இருவரும் டர்போ வண்டிதான் வேண்டும் என்று நின்றீர்கள். நான் டர்போ இல்லாத வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். "அப்பா பழைய ஆளு" என்று வழியெல்லாம் பின்சீட்டில் நீங்கள் சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. பழைய ஆள்தான். ஆனால் டர்போவைக் கண்டு பயந்தவன் இல்லை. துறைமுகத்தில் தினமும் நான் ஓட்டுகிற டிரெய்லரே டர்போதான். நான் சொல்லப்போகிற கோளாறு இப்போது வருகிற வண்டிகளில் அபூர்வம். பிறகு ஏன் வேண்டாம் என்றேன் என்பதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. என் அம்மாவுக்கு இரண்டு தம்பிகள். சின்ன மாமா, நான் பிறப்பதற்கு முன்பே சங்கு குளிக்கப் போய்க் கடலில் இறந்துவிட்டார். அதற்கு மேல் அவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பெரிய மாமாவும் சங்கு குளித்தவர்தான். வள்ளத்தில் காற்று அடிக்கிற கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமான ரப்பர் குழாய் கடலுக்குள் போகும். அதன் முனையை வாயில் கவ்விக்கொண்டு அடியில் கிடக்கிற சங்கைப் பொறுக்குவார்கள். ஒரு காலத்தில் மூச்சை அடக்கிக்கொண்டே முத்து எடுத்த கரை இது. குழாய் வந்த பிறகு கீழே எவ்வளவு நேரமும் இருக்கலாம் என்று ஆகிவிட்டது.

தம்பி போன பிறகும், வேறு தொழில் தெரியாததால், மாமா கடலில் இறங்கிக்கொண்டுதான் இருந்தார். மாமாவின் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அந்த அத்தைதான் ஒருநாள் அவரை மாதா கோயிலுக்குக் கூட்டிப் போய், இனிக் கடலில் இறங்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். இருந்ததையெல்லாம் போட்டுப் பழைய டர்போ ஜீப் ஒன்று வாங்கினார்கள். காலையில் உப்பளத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, மத்தியானம் ஏற்றி வருவது மாமாவின் வேலை. ஜீப் ஓடுகிற வரைக்கும் மாமா கரையில் இருப்பார், நின்றுபோனால் மறுபடியும் கடல்தான். இது சின்னப் பையனான எனக்குக்கூடத் தெரிந்திருந்தது.

என் அப்பா சொந்தமாக ஒரு உப்பு லாரி வைத்து ஓட்டினார். அது டர்போ இல்லாத பழைய டீசல் வண்டி. அதில் பிஸ்டன் கீழே இறங்கும்போது இன்ஜின் தானாகக் காற்றை இழுத்துக்கொள்ளும், நாம் மூச்சு இழுக்கிற மாதிரி. டர்போ அப்படி இல்லை. வெளியே போகிற புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு காற்றாடி காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் டீசலும் கூட எரியும், இழுவையும் கூடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டில் டீ குடிக்கும்போதெல்லாம் அப்பாவுக்கும் மாமாவுக்கும் இதில்தான் சண்டை.

"என் வண்டிக்கு மூக்கு இருக்கு மாப்ள. அது தானா மூச்சு விடுது. ஒன் வண்டிக்கு ஒருத்தன் வாய்க்குள்ள ஊதணும்லா" என்பார் அப்பா.

"ஊதுனாத்தான் அத்தான் மேடு ஏறும். ஒங்க லாரி பாலத்துல ஏறும்போது, பின்னால வாரவன் எறங்கி ஒரு டீ குடிச்சிட்டு வந்திருதான்" என்பார் மாமா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டார். "அந்தக் காத்தாடித் தண்டு ஆயில்ல மெதக்குது மாப்ள. அங்கன தேஞ்சுபோச்சுன்னா ஆயிலு காத்தோட கலந்து உள்ள போயிரும். அப்புறம் அதையே குடிச்சிக்கிட்டு ஓடும். சாவிய எடுத்தாலும் நிக்காது. மூச்ச அடைச்சாத்தான் அடங்கும்."

மாமா பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அப்பா ஜெயித்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா அப்பாவை முறைத்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமாவிடம் ஒரு பழக்கம் உண்டு. டர்போ வண்டியை ஓட்டி வந்ததும் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மாமா பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார், தலையைச் சாய்த்து எதையோ கேட்கிறவர் மாதிரி. பிறகு இறங்கி, பானட்டைத் திறந்து, காற்று போகிற ரப்பர் குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் நீவிப் பார்ப்பார், எங்காவது மடங்கியிருக்கிறதா என்று. ஆயில் குறைந்துகொண்டே போனது. ஊற்றிக்கொண்டே இருந்தார். அது எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. குழாயை மட்டும் ஒரு நாளும் பார்க்காமல் விட்டதில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒரு மத்தியானம், ஆட்களை ஏற்றி வர மாமா புறப்பட்டார். கருவாட்டுக்குக் கல்லுப்பு எடுக்க வேண்டும் என்று அத்தையும் ஏறிக்கொண்டார். சும்மா சுற்றிவர நானும் ஏறினேன். உப்பளத்துக்குள் போகிற வரப்புச் சாலையில் ஒரு மரம் கிடையாது, ஓர் ஆள் கிடையாது. இரண்டு பக்கமும் பாத்தி, உப்புக் குவியல், கண் கூசுகிற வெள்ளை. டர்போவுக்கு ஒரு விசில் உண்டு. மிதித்தால் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். அன்றைக்கு மாமா காலை எடுத்தார். விசில் இறங்கவில்லை.

மாமா வண்டியை நியூட்ரலில் போட்டு ஓரமாக நிறுத்தினார். சாவியைத் திருகி வெளியே எடுத்தார். இன்ஜின் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் இன்னும் வேகமாக ஓட ஆரம்பித்தது. சாவி அவர் கையில் இருக்கிறது, ஜீப் வீலென்று கத்துகிறது. பின்னால் புகை கிளம்பி உப்புக் குவியல்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வந்தது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டு அணைக்கப் பார்த்திருக்கலாம் என்று இன்று எனக்குத் தெரியும். மாமாவுக்கு அது அப்போது தோன்றவில்லை. இறங்கி பானட்டைத் திறந்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்க, எஞ்சின் வெடிச்சிரும்ங்க. ஏதாச்சும் செய்யுங்க" என்றார் அத்தை.

எனக்கு அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. பெரிய உதவி செய்கிற நினைப்பில் மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, "மாமா, அதோட மூச்ச அடச்சிருங்க. அப்பா சொன்னாவல்லா" என்றேன்.

மாமா என் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை.

பிறகு அவர் ஜீப்பைப் பார்க்கவில்லை. வரப்புக்குக் கீழே பாத்தியில் கிடந்த, உப்பு முற்றிச் சிவந்த தண்ணீரைப் பார்த்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத கயிற்றைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி இழுக்க ஆரம்பித்தார். "இரு, இரு. ஏத்துதேன். வந்துட்டேம்லே" என்று சன்னமாகச் சொல்லிக்கொண்டே இழுத்தார். எனக்குக் கன்னம் எரிவது மறந்துபோயிற்று.

அத்தைதான் பின்சீட்டு மெத்தையைப் பிய்த்து, அடியில் இருந்த பிளைவுட் பலகையை உருவிக்கொண்டு வந்தார். உப்புத்தூசி ஏறுகிறது என்று ஏர் ஃபில்டரைத் தினமும் காலையில் தட்டிச் சுத்தம் செய்வது அவர்தான். கிளிப்பைத் தட்டி மூடியைத் திறந்தார், ஃபில்டரை எடுத்து எறிந்தார், உள்ளே தெரிந்த குழாய் வாயில் பலகையை வைத்து இரண்டு கையாலும் அமுக்கினார். பலகையை அது உள்ளுக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஜீப் மொத்தமும் குலுங்கியது. நின்றது.

அவ்வளவு பெரிய சத்தத்துக்குப் பிறகு அங்கே காற்றுகூட இல்லை. மாமாவின் கைகள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தன, கயிற்றின் கடைசி முழங்களை இழுக்கிற மாதிரி மெதுவாக. பிறகு நின்றன.

"ஏறிட்டானா?" என்றார் மாமா.

அத்தைக்கு மூச்சு வாங்கியது. "ஏறிட்டான். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

நான் ஜீப்புக்குப் பின்னால் பார்த்தேன். குனிந்து அடியில் பார்த்தேன். பாத்தித் தண்ணீரைப் பார்த்தேன், அசைவே இல்லை. மூன்று பேரும் திரும்பி நடந்தோம். மாமா தன் இடது பக்கம் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு நடந்தார்.

இன்ஜின் தப்பித்துவிட்டது. டர்போவை மாற்றினால் போதும் என்றார் மெக்கானிக். மாற்றியும், மாமா அந்தச் சாவியைத் தொடவில்லை. வள்ளத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பயத்தில் அத்தை சாப்பிடுவதை விட்டுவிட்டார். அந்த வாரம் அப்பா போய், "மாப்ள, லாரில ஏறி எறங்க எனக்கு முட்டி வலிக்குது. நீ அத ஓட்டு, நான் ஜீப்ப பாத்துக்கிடுதேன்" என்று சாவியை மாற்றிக்கொண்டார். அப்பாவின் முட்டிக்கு ஒன்றும் இல்லை. மாமா பிறகு கடலில் இறங்கவே இல்லை. ஜெயித்த மனுஷன் எதற்காகத் தோற்ற வண்டியை வாங்கிக்கொண்டார் என்று எனக்கு அப்பா மேல் ரொம்ப நாள் கோபம்.

நான் ஹெவி லைசென்ஸ் எடுத்த பிறகுதான் அத்தை ஒரு நாள் சொன்னார். சின்ன மாமா கீழே இருந்தபோது கம்ப்ரசர் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. குழாய் மட்டும் நங்கூரக் கயிற்றுக்கும் வள்ளத்துக்கும் நடுவே மாட்டி மடங்கிக் கிடந்திருக்கிறது. மேலே இருந்து குழாயைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் பெரிய மாமா. தம்பியின் இடுப்பில் கட்டியிருந்த கயிறு ஆடியதும் இழுத்தார். இழுத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஆளிடம்தான் நான் மூச்சை அடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நம் புதுக் காரில் ஞாயிறுதோறும் பூசைக்கு வரப்போகிறவர், நீங்கள் தாத்தா என்று கூப்பிடுகிற இந்தப் பெரிய மாமாதான். இப்போதைய வண்டிகளில் விசில் லேசாகத்தான் கேட்கும் என்கிறார்கள். லேசாகக்கூட அவர் காதில் விழ வேண்டாம்.

யாரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. மறுநாள், மெக்கானிக் வருவதற்கு முன்பு, நான் தனியாக அந்த வரப்பில் நடந்து போனேன். ஜீப் அங்கேயே நின்றது. பலகை அத்தை வைத்த இடத்திலேயே இருந்தது. மெல்லத் தூக்கினேன், அடியில் வட்டமாகக் கறுப்பு ஆயில் படிந்திருந்தது. குழாயின் வாயைத் திறந்து வைத்து, உள்ளே மாட்டிய ஓர் ஆள் வெளியே வருகிற நேரம் ஒதுங்கி நின்றேன். பிறகு பலகையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, இடது பக்கம் இடம் விட்டு, வீட்டுக்கு நடந்தேன்.