கவிழ்த்து வைத்த டம்ளர்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு டீ மாஸ்டர் கோவிந்தன் போன் செய்தார். "அக்கா, பாய் போய்ட்டாரு" என்றார். "எங்க போய்ட்டாரு?" என்று கேட்டேன். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு என் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ரஃபீக் பாய். அவரைப் பற்றி வேறு எப்படிக் கேட்பது? கோவிந்தன் அழ ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. புரிந்த பிறகும் நம்பவில்லை. இதை எழுதும்போதும் முழுசாக நம்பவில்லை.

ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பாய் நடத்திய டீக்கடையில் லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் சிக்னல் எந்த நேரம் வரும், எந்த நேரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்த குடும்பத்திலிருந்து மலையேறி வந்த இவர், கடைக்கு வைஃபை போட்டு, பாஸ்வேர்டை பிஸ்கட் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியும் வைத்தார். அவருக்கோ அதில் கிரிக்கெட் பார்ப்பதைத் தவிர வேறு உபயோகம் இல்லை.

எனக்கு வேலை கிடைத்த நேர்காணலே அந்தக் கடையில்தான் நடந்தது. "உங்கள் பலம் என்ன?" என்று பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்ட நொடியில், பின்னாலிருந்து பாய், "சக்கர போடட்டுமா, வேணாமா?" என்று கத்தினார். நேர்காணல் முடிந்ததும் அவர்மேல் எரிந்து விழுந்தேன். "இது என் பொழப்பு பாய். உங்களுக்கு டீயாத்துற விளையாட்டா?" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் ஒவ்வொரு மேஜையிலும் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. "மீட்டிங்ல இருந்தா கவுத்து வச்சிடுங்க. கவுந்திருந்தா யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நானும்தான்" என்று அறிவித்தார்.

அந்தச் சட்டத்துக்கு நானே காரணம் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

சந்தை நாளில் மட்டும் டம்ளர் செல்லாது, நினைவிருக்கிறதா? புளியும் சாமையும் சுமந்து வந்தவர்கள் கடைக்குள் நுழைந்தால், நாம் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். முணுமுணுத்தவர்களிடம், "அவங்க நடந்து வந்திருக்காங்க. நீ இன்னா, உக்காந்துனு தான இருந்த?" என்பார். இன்னொரு நாள், பைக்கில் மலை பார்க்க வந்த ஒருவர் இரண்டு மேஜைகளில் கடை பரப்பி, ஸ்பீக்கரில் மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடியும்வரை பாய் பொறுமையாக நின்றார். டம்ளர் நிமிர்ந்ததும், "அண்ணே, உங்க மேனேஜரு எங்களுக்கும் மேனேஜரா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. அந்த ஆளும் சிரித்துவிட்டு ஒரு மேஜையைக் காலி செய்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். கோவிந்தன் பால் வாங்கப் போயிருந்தார். என் டம்ளர் கவிழ்ந்திருந்தது. பாய் அருகே வந்து நின்றார். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஹெட்போனைக் கழற்றாமல் ஐந்து விரலைக் காட்டினேன், ஐந்து நிமிடம் என்று. தலையசைத்துவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் இருபதாயிற்று. கூட்டம் முடிந்து டம்ளரை நிமிர்த்தியபோது பெஞ்ச் காலியாக இருந்தது. தொழுகைக்குப் போயிருப்பார் என்று எண்ணி, காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் வாணியம்பாடியில் அவர் வீட்டில் அவருடைய மனைவி ஷமீம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜீப்புல மலை எறங்கி வரும்போது எனக்குப் போன் பண்ணாரும்மா. நெஞ்சு வலிக்குது, உன் கார்ல கூட்டினு போகச் சொல்லலாம்னு தான் வந்தாராம். 'அந்தப் பொண்ணு மீட்டிங்ல இருந்துச்சு, அது பொழப்பு, அதான் கூப்புடல'ன்னாரு." அவர் குறையாகச் சொல்லவில்லை. கணவரின் நல்ல குணத்தைச் சொல்வதாகத்தான் சொன்னார். அந்த இருபது நிமிடத்தில் பாயைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. அன்றைய கூட்டத்தில் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

கடையைக் கோவிந்தன் மறுபடி திறந்திருக்கிறார். பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்பவை இவை: சந்தை நாளில் எழுந்து இடம் விடுவது, அடுத்தவர் பேச்சு முடியும்வரை காத்திருப்பது. டம்ளர் சட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. என் மேஜையில் அது நிமிர்ந்தே இருக்கும். எதிரே யார் வந்து நின்றாலும் ஹெட்போனைக் கழற்றுகிறேன்.

நேற்று கூட்டத்தின் நடுவே கோவிந்தன் தயங்கித் தயங்கி வந்து நின்றார். கழற்றினேன்.

"சக்கர போடட்டுமாக்கா?"

பெங்களூர்வரைக்கும் கேட்டிருக்கும். "போடுங்க" என்றேன்.