இரண்டு ரயிலை விட்டவர்

யாராவது ஒரு ரயிலை விட்டால் ஆவுடைத்தாய் கண்டுகொள்ள மாட்டாள். இரண்டாவது ரயிலும் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பக்கம், குப்பை இருக்கிறதோ இல்லையோ, துடைப்பத்தோடு வந்துவிடுவாள்.

கோவில்பட்டி ரயில் நிலையத்தில் பதினோரு வருடமாக ஒப்பந்தத் துப்புரவு வேலை. வயது ஐம்பத்து மூன்று. கட்டைக் குரல், தணித்துப் பேச வராது. கேட்க வேண்டியதையும் அந்தக் குரலிலேயே கேட்பாள். "குசுகுசுன்னு கேட்டா, தப்புப் பண்ணுன மாரி கூசிப் போயிருவாவ. காய்ச்சலான்னு கேக்குத மாரி கேக்கணும்."

போன ஆவணியில் ஒரு மத்தியானம். கழுகுமலைப் பக்கத்து விவசாயி ராஜபாண்டி, பையும் இல்லாமல் டிக்கெட்டும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ரயிலின் அறிவிப்பு கேட்டதும் எழுந்து, நடைமேடை முடிகிற பக்கமாக நடந்தார். ஆவுடைத்தாய் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்துத் துடைப்பத்தை உயரத் தூக்கிக் காட்டிவிட்டுக் குறுக்கே போனாள்.

"அண்ணாச்சி, இந்தத் தொட்டிய ஒரு கை பிடிங்க."

அவர் யோசிக்காமல் பிடித்தார். குப்பைத் தொட்டியைச் சுவரோரம் கொண்டுபோய் வைத்ததும் கேட்டாள்:

"சாகணும்னு தோணுதா?"

ஆமாம் என்று அவர் தலை ஆடியது. கண் கலங்கியது. "பங்குனியில எம் பொஞ்சாதி செத்துப் போயிட்டா. வீட்டுல பேச்சுச் சத்தமே இல்ல."

"எங்கிட்ட பேசுங்க. நான் இங்கனதான் இருக்கேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் சிவப்பு சிக்னல் போட, ரயில் ஊருக்கு வெளியே ஏழு நிமிடம் நின்றது. அதற்குப் பின்னால் வந்த ரயிலும் நின்றது. மெல்ல வந்து சேர்ந்தபோது ஜன்னலோரப் பயணி ஒருவர், "ஒருத்தனும் ஒழுங்கா வேல பாக்குததில்ல" என்று அவளைப் பார்த்தே சொன்னார். "ஆமாய்யா" என்றாள். பெஞ்சில் ராஜபாண்டியின் கையை அவள் விடவில்லை. போனில் தகவல் கேட்டு அவர் தங்கை சொர்ணத்தாய் பஸ் பிடித்து வந்து, அண்ணனை நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வரை விடவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை மனநல மருத்துவரைப் பார்க்கிறார். தைப் பொங்கல் கழிந்து, புது உளுந்து ஒரு பை கொண்டுவந்து ஆவுடைத்தாயிடம் கொடுத்தார்.

"எப்படி இருக்கியோ அண்ணாச்சி?"

"எப்பவாச்சும் தோணத்தான் செய்யுது. ஒடனே தங்கச்சிய கூப்பிட்டுருதேன்."

"அவ எடுக்கலேன்னா?"

ஆவுடைத்தாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவருடைய செல்போனை வாங்கி, கண்ணாடி இல்லாததால் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்து, தன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அமுக்கத் தொடங்கினாள்.