ஒரு ரூமுக்கு ஒரு மூச்சு

என் மேஜை இழுப்பறையில் ஒரு சிவப்பு அட்டைத் துண்டு கிடக்கிறது. விரல் நீளம், விரல் அகலம். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் வெட்டும்போது ஓரத்தில் கழிந்த துண்டு. ஒரு பக்கம் வழவழப்பான சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஓர் எண் எழுதியிருக்கிறது. எழுதியவர் என் மதினி. அண்ணனின் மனைவி. விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவர். அந்த எண் ஒரு பெண்ணுடைய மூச்சின் அளவு.

பல ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கான பட்டாசு சீசன் சூடுபிடித்திருந்த நேரம். நான் ஒரு நாளிதழின் மாவட்ட நிருபராக இருந்தேன். அச்சங்குளத்திலிருந்து வேனில் வேலைக்குப் போகும் பெண்கள் சிலர், தங்கள் பட்டாசு ஆலையில் புதிதாக வந்திறங்கிய வெடிமருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் வெடிமருந்தை வெறுமனே மருந்து என்றே சொல்வார்கள். அதைக் குழாயில் செலுத்தும் பன்னிரண்டு ரூம்களில் ஆறுக்குப் புது மருந்து போனது. மற்ற ஆறில் பழைய சரக்கு ஓடிக்கொண்டிருந்தது. புது மருந்து ரூம்களில் சாயங்காலமானால் நெஞ்சு அடைக்கிறது, விடிந்த பிறகும் மூச்சு இழுக்கிறது என்றார்கள். முதலில் மேனேஜரிடம் போய் அதைச் சொன்னவர் நாற்பது வயதுப் பெண் ஒருவர். ஆலையில் எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மேனேஜர் சொன்ன பதிலை அக்கா என்னிடம் அப்படியே நடித்துக் காட்டினார். "ஆஸ்பத்திரிக் கணக்கு கொண்டாங்க. மருந்துதான் காரணம்னு கணக்கு சொன்னா அந்த நிமிசமே லோடைத் திருப்பி அனுப்புறேன். இல்லேன்னா, ரூம் ரூமாப் போயி புரளி கெளப்புனவ நாளைலேருந்து வேன் ஏற வேண்டாம்." அந்தப் புரளிக்காரி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. திங்கட்கிழமை ஆலை அலுவலகத்தில் கூட்டம் என்றும், கணக்கைச் சரிபார்க்க மதுரையிலிருந்து ஓர் ஆலோசகர் வருவார் என்றும் முடிவாயிற்று.

கணக்கு எடுக்க முன்வந்தது மாதா கோயில் வளாகத்து மருந்தகத்தை நடத்திய சிஸ்டர். நாற்பத்தெட்டுப் பெண்களையும் வரவழைத்து, மூச்சு இழுக்கிறதா இல்லையா என்று கேட்டு, ஆம், இல்லை என்று குறித்துக்கொண்டார். அந்தத் தாள்களைச் சனிக்கிழமை மாலை மதினி வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே அக்காவும் வந்திருந்தார். நான் முதலிலேயே போய் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. அவர்களுக்கு ஒரு நம்பர் வேண்டும். அது கிடைத்தால் முதல் பக்கம்.

மதினி கை-ஸ்கொயர் எனும் கைவர்க்கச் சோதனை போட்டார். மருந்துக்கும் இழுப்புக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் புது மருந்து-பழைய மருந்து, ஆம்-இல்லை என்ற நாலு கட்டங்களில் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, உண்மையில் வந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை அது. இடைவெளி சிறிதாக இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். பெரிதாக இருந்தால் விட முடியாது. கணக்கு முடிந்தபோது இடைவெளி பெரிதாக இருந்தது. சிஸ்டர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அக்கா எழுந்தே விட்டார்.

மதினி மட்டும் தாள்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். ஆம் ஆம் ஆம் ஆம். இல்லை இல்லை இல்லை இல்லை. மறுபடியும் ஆம் நாலு. எந்த இடத்திலும் நாலு உடையவில்லை.

"சிஸ்டர், இவுகள எப்படி நிக்க வச்சுக் கேட்டீக?"

"எப்படின்னா? ரூம் ரூமா வந்து நின்னாக. கேட்டேன்."

"முதல்ல ஒருத்தி சொன்னதும் மத்த மூணு பேரும் அதையே சொன்னாகளா?"

அக்காதான் பதில் சொன்னார். "பின்ன? ஒரு ரூமுக்கு ரெண்டு பேச்சா பேசுவாக?"

மருந்து ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ஆனால் அந்த நாலு பேரும் ஒன்றாக வேன் ஏறுவதும், ஒன்றாகச் சோற்று வாளியைத் திறப்பதும், செய்த வேலைக்கு ஒன்றாகக் கணக்கு வாங்கிச் சமமாகப் பிரித்துக்கொள்வதும் விதியில் இல்லாதவை. ஒருத்தி கை நின்றால் நாலு பேர் வேலையும் நிற்கும். அதனால் வெளியாள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் ரூமுக்கு ஒரு பதில்தான். ஒவ்வொருவரும் மற்றவரைச் சாராமல் சொன்ன பதில் என்று நம்பித்தான் கைவர்க்கச் சோதனை வேலை செய்கிறது. இங்கே நாற்பத்தெட்டுப் பேர் பேசவில்லை. பன்னிரண்டு ரூம்கள் பேசியிருந்தன. பன்னிரண்டை நாலு கட்டத்தில் பிரித்தால் ஒவ்வொன்றிலும் எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஐந்தைக்கூடத் தொடாது. அவ்வளவு சிறிய எண்ணில் அந்தச் சோதனையை நம்ப முடியாது.

மதினி இதைச் சொல்லி முடித்துவிட்டுக் கணக்குப் போட்ட தாளை நாலாகக் கிழித்தார். அக்காவின் முகம் மாறிவிட்டது.

"டீச்சர், நீங்களும் அவுக பக்கமா?"

"உன் பக்கம் நிக்கதாலதான் கிழிக்கேன் தாயி. நான் கண்டுபிடிச்சத மதுரைக்காரரு கண்டுபிடிக்க எம்புட்டு நேரமாகும்? கூட்டத்துல வச்சு அவரு கிழிச்சா நீ வேன் ஏற முடியாது."

சிஸ்டருக்கு வருத்தம். "உங்க சபையில எல்லாத்தையும் சந்தேகப்படச் சொல்லித் தாராகளோ?" என்றார். நாங்கள் புராட்டஸ்டண்டுகள், அவர் கத்தோலிக்கர். மதினி சிரிக்காமல், "சந்தேகப்படத்தான் சிஸ்டர் காலேஜ்ல சம்பளம் குடுக்காக" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நிருபரே, அந்த நம்பர் பேப்பர்ல வந்துச்சுன்னா இந்த வீட்ல உங்களுக்குக் காப்பி கெடையாது" என்றார். என் போன் மறுபடியும் அடித்தது. நான் எடுக்கவில்லை.

கேள்வி கேட்டால் ரூம் பதில் சொல்கிறது; அப்படியானால் கேள்வியே கேட்கக்கூடாது, அளக்க வேண்டும் என்பது மதினியின் முடிவு. மருந்தகத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தது. மூச்சை நிறைய இழுத்து ஒரே மூச்சில் ஊதினால் முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். மறுநாள் ஞாயிறு, ஆலை விடுமுறை. அக்கா அன்று ராத்திரியே எல்லா வீடுகளுக்கும் சொல்லி அனுப்பினார்.

பெண்கள் மருந்தகத்துக்கு வந்தார்கள், வழக்கம்போல நாலு நாலாக. மதினி அவர்களைக் கலைத்தார். ஒவ்வொருவரும் தனியாகத் திரைக்குப் பின்னால் போக வேண்டும். உள்ளே முள்ளைப் படிக்கும் சிஸ்டர் எந்த ரூம் என்று கேட்கக்கூடாது, எண்ணை மட்டும் படிக்க வேண்டும். வெளியே வரிசையைக் கலைத்து நிறுத்திவிட்டு மதினி திரும்புவதற்குள் அவர்கள் மறுபடியும் நாலு நாலாகச் சேர்ந்திருந்தார்கள். "ஏடி, என்னைய விட்டுட்டு எங்கன போறவ?" என்று ஒருத்தி கத்த, இன்னொருத்தி பின்னாலிருந்து ஓடிவந்தாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தனியாக நிற்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

அக்காவின் ரூமில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி, மெலிந்தவள், மதினியின் காதுக்கு எட்டும்படியே கேட்டாள். "மெதுவா ஊதுனா முள்ளு கீழதானக்கா நிக்கும்?"

சிரிப்பு கிளம்பி உடனே அடங்கியது. எல்லாரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மதினி கோபப்படவில்லை. "மூணு தடவ ஊதணும்மா. ஏமாத்தி ஊதுனா ஒண்ணு அங்கன நிக்கும், ஒண்ணு இங்கன நிக்கும். நெசமா ஊதுனா மூணும் பக்கம் பக்கமா வரும். மதுரைக்காரரு முதல்ல அதத்தான் பாப்பாரு."

சின்னப் பெண் ஊதினாள். மூன்று முறையும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில், மிகவும் கீழே, நின்றது. மூன்றாவது முறை ஊதிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து அக்கா. திரை சரியாக மூடவில்லை, நான் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். முள் கடகடவென்று மேலே போய் நின்றது. இரண்டாம் முறையும் அதே இடம். மூன்றாம் முறையும். சிஸ்டர் எண்ணைப் படித்தபோது குரல் தணிந்துவிட்டது. அந்த உயரத்துக்கும் வயதுக்கும் இருக்க வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது.

"உனக்கு ஒண்ணுமில்லையாக்கா?" என்றாள் சின்னப் பெண்.

"ஊதச் சொன்னாக. ஊதிட்டேன்" என்றார் அக்கா.

மத்தியானம் மதினி வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அட்டைத் துண்டுகளைப் பரப்பினோம். புது மருந்துக்குச் சிவப்பு, பழைய மருந்துக்குப் பச்சை. உயரத்தையும் வயதையும் கழித்து, ஒவ்வொருவரும் இருக்க வேண்டிய அளவில் எத்தனை சதவீதம் ஊதினார் என்பதைத் துண்டில் எழுதினார் மதினி. ரூமுக்கு நாலு துண்டு. அந்த நாலின் நடு அளவு அந்த ரூமின் அளவு. பிறகு பன்னிரண்டு ரூம்களையும் குறைவிலிருந்து அதிகத்துக்கு வரிசையாக வைத்தார். சராசரி போடக்கூடாதா என்று கேட்டேன். "அந்தப் பிள்ளை ஒருத்தியே சராசரிய இழுத்துக் கீழ போட்டுரும் தம்பி. வரிசை அப்படி இல்ல. கடைசில நிக்கவ எம்புட்டுத் தூரம் பின்னால நிக்கான்னு அது கேக்காது. யாருக்குப் பின்னாலன்னு மட்டும்தான் கேக்கும்." தரவரிசைச் சோதனை என்பார்கள். பாடப் புத்தகத்தில் நான் படித்து மறந்தது.

கீழிருந்து முதல் ஐந்து இடமும் சிவப்பு. ஆறாவது சிவப்பு ரூம் பச்சைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. மதினி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், இடத்தை மாற்றவில்லை. வரிசை எண்களைக் கூட்டினார், அட்டவணையைத் திறந்தார், இரண்டாம் முறை கூட்டினார். "தற்செயல்னு சொல்லுறது கஷ்டம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவரிடமிருந்து வாங்க முடியவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஆலோசகர் மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது. நாலு பேர் சேர்ந்து இருக்கிற இடத்தில் தனித்தனி ஆளாக எண்ணியிருக்கிறீர்களா என்பது முதல் கேள்வி. மதினி ரூம் கணக்கைக் காட்டினார். ஒரு நோயாளி மொத்தத்தையும் இழுத்திருக்கலாமே என்பது அடுத்தது. மதினி அந்தச் சின்னப் பெண்ணின் துண்டை எடுத்து ஓரமாக வைத்தார். ரூமின் நடு அளவு சற்று நகர்ந்தது, வரிசை மாறவில்லை. மூன்று ஊதல்களின் எண்களையும் ஆலோசகர் கேட்டார். மதினி அவற்றையும் கொடுத்தார். பச்சைக்கு நடுவே நின்ற சிவப்பை ஆலோசகர் தொட்டு, "இது ஏன்?" என்றார்.

"தெரியாது. அதையும் வச்சுத்தான் கணக்குப் போட்ருக்கேன்."

மேனேஜர் மேஜைமேல் கிடந்த துண்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்தார். சிவப்பு. ஆனால் எண் பெரிய எண். "புது மருந்து ரூம்ல இருக்கவ இவ்வளவு நல்லா ஊதியிருக்காளே. யாரு இது?"

தனி ஆள் விவரம் தர முடியாது என்று மதினி சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுவரோரம் நின்றிருந்த அக்கா, "அது என்னோடது சார்" என்றார்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "ஒனக்கு ஒண்ணுமே இல்ல. பெறகு எதுக்கும்மா நீ முன்னால வந்த?"

"ரூம்ல நான் மட்டுமா சார் மூச்சு விடுறேன்?"

மேனேஜர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "இதத் தப்புன்னு என்னால எழுதிக்குடுக்க முடியாது சார்" என்றார். அன்று மாலையே லோடு திரும்பிப் போனது. செய்தி மூன்றாம் பக்கத்தில், நம்பர் எதுவும் இல்லாமல், ஒற்றைப் பத்தியாக வந்தது. மறுநாள் காலை வேனில் அக்கா ஏறினாரா என்று பார்க்க அச்சங்குளத்துக்குச் சாலை பிரியும் விலக்கில் போய் நின்றேன். அவர் ரூமின் நாலு பேரும் ஏறினார்கள். சின்னப் பெண்ணுக்கு ஜன்னலோரம் கொடுத்திருந்தார்கள்.

போன சீசனில் வேறோர் ஆலையில் நடந்த மருத்துவ முகாமுக்குப் போயிருந்தேன். இப்போது தாளும் பேனாவும் இல்லை. கணினிப் பலகையில் கேள்வி வரும். ஒவ்வொருவரும் தனியாக நின்று ஆம் அல்லது இல்லை என்று விரலால் தொட வேண்டும். ஒரு பெண் விரலைத் தூக்கினாள். தொடுவதற்கு முன் திரும்பி, பின்னால் நின்ற மூன்று பேரைப் பார்த்தாள். அவர்களில் ஒருத்தி லேசாகத் தலையசைத்தாள். பிறகு தொட்டாள். சாயங்காலம் வந்த பத்திரிகைக் குறிப்பில் எத்தனை நூறு பேரிடம் கேட்டோம் என்பது கொட்டை எழுத்தில் இருந்தது. ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் மதினியிடம் போனில் படித்துக் காட்டினேன். "எத்தன ரூம்னு கேட்டீகளா?" என்றார்.

கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

அக்கா அதே ஆலையில், அதே ரூமில்தான் இன்னும் இருக்கிறார். அந்தக் கூட்டம் முடிந்ததும் மதினி துண்டுகளை அள்ளியபோது, அக்காவுடையதை அவரிடம் நீட்டினார். "எனக்கெதுக்கு டீச்சர், என் மூச்சு எங்கிட்டதான இருக்கு" என்று அவர் வாங்கவில்லை. மதினி அதை என் கையில் வைத்தார்; அப்படி என் இழுப்பறைக்கு வந்தது. சிவப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. எண் தெளிவாக இருக்கிறது, நல்ல எண். இன்று அவர் ஊதினால் முள் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு யாரும் அவரை ஊதச் சொல்லவில்லை.