எதிர்க்கடை ஸ்டிக்கர்

மடிக்கணினியின் மூடியில் இருந்த ஸ்டிக்கரை சில்வஸ்டரின் விரல்கள் நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்து, மேசை விளிம்பில் ஒட்டிவைத்தன. ‘கெஸியா கம்ப்யூட்டர்ஸ்’. பிறகுதான் பவர் பட்டனுக்குப் போயின.

வெலிங்டன் கடைவீதியில் பதினாறு வருடமாகக் கணினி பழுதுபார்ப்பவர் சில்வஸ்டர். கெடுத்துக் கெடுத்துத் தானே கற்றுக்கொண்டவர். மழை மாதங்களில் எந்தக் கணினி வந்தாலும், நாற்பது வாட் பல்பு எரியும் மரப்பெட்டிக்குள் ஈரம் காய்ந்த பிறகே மேசைக்கு வரும். லினக்ஸ் இயங்குதளத்தில் கைவைக்கும் முன் அந்த நிமிடத்து நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவிடுவார். “மொதல்ல ஒரு போட்டோ புடிச்சுருவோமுங்க. கெட்டுப்போச்சுன்னா நேத்தைக்கே போயிக்கலாம்.”

ஒருமுறை அப்படிப் பழைய நிலைக்குப் போனார். ஞானசுந்தரி டீச்சர், சர்ச்சின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தட்டச்சு செய்துவந்த கணினி அது. இயங்குதளமும் கோப்புகளும் ஒரே சப்வால்யூமில், ஒரே அறையில் கிடப்பதுபோலக் கிடந்ததை அவர் யோசிக்கவில்லை. பழுதானதை அழித்துவிட்டுப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினார். கணினி பிழைத்தது, நாற்பது நாள் வேலை போயிற்று. டீச்சர் கோபிக்கவில்லை, எதிர்க்கடை கெஸியாவிடம் போய்விட்டார். அன்றிலிருந்து கெஸியாவின் வாசலில் எத்தனை குடை சாய்ந்திருக்கிறது என்பது சில்வஸ்டருக்கு மனப்பாடம். “அந்தப் புள்ளைக்கு ஸ்டிக்கர் ஒட்டத்தானுங்க தெரியும்.”

இன்று எதிர்க்கடை பூட்டியிருந்ததால் டீச்சர் தன் மடிக்கணினியோடு இங்கே வந்திருந்தார். செவ்வாயன்று அப்டேட் போட்டாராம். இன்று அணைத்துப் போட்டதும் எழவில்லை.

“ஞாயித்துக்கெழம ஜூபிலி ஆராதனை, சில்வஸ்டர். அங்க வாசிக்க வேண்டிய எண்ணூறு பேரு இதுக்குள்ள இருக்குது. மறுபடி அழிச்சுப்போட்டா எனக்குக் கண்ணும் இல்ல, வயசும் இல்ல.”

“கெஸியா எங்கீங்க போச்சு?”

“நெல்லியாளத்துல சித்தி ஊட்டுக் கல்யாணம்.”

“ஓ. கல்யாணந்தானுங்க முக்கியம்.”

திரையில் பட்டியல் வந்தது. தானாகவே எடுக்கும்படி கெஸியா அமைத்துவைத்த பதினொரு ஸ்னாப்ஷாட்டுகள், ஒவ்வொன்றிலும் தேதி, எதற்கு எடுத்தது என்ற குறிப்பு. ‘செவ்வாய், அப்டேட்டுக்கு முன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். எழுந்துவிட்டது. கோப்புகளைத் திறந்தார். செவ்வாய்க்குப் பின்னால், நேற்று மாலை அடித்த பெயர்கூட இருந்தது. கெஸியா அவற்றைத் தனி சப்வால்யூமில் வைத்திருந்தாள். இயங்குதளம் எவ்வளவு பின்னால் போனாலும் அவை நகராது.

அந்த ஸ்னாப்ஷாட்டையே நிலையாக்கினார். மூன்று தடவை அணைத்துப் போட்டார். அவள் வேலையில் ஒரு குறையாவது அகப்படுமா என்று அரை மணி நேரம் தேடினார். அகப்படவில்லை.

“அப்படியே இருக்குதே!” டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களப் போயி சந்தேகப்பட்டேனே. இனி இங்கயே கொண்டாரேன்.”

சில்வஸ்டர் கணினியை அணைத்து மூடினார். மேசை விளிம்பிலிருந்த ஸ்டிக்கரை எடுத்து மூடியில் பழைய இடத்திலேயே வைத்தார். ஒரு மூலை ஒட்ட மறுத்தது. பசைப் புட்டியைத் தேடி எடுத்து, ஒரு சொட்டு வைத்து, கட்டைவிரலால் அது பிடிக்கும்வரை அழுத்தினார். பிறகு பெயர் தெரியும்படி திருப்பி, கணினியை டீச்சரிடம் நீட்டினார்.