ஜெலுத்தோங் கேசட் கடையில் ஒரு சண்டை

பழைய கேசட் ஒன்றைத் திறந்ததும் எழுந்த பிளாஸ்டிக் வாசனையில், எங்கள் ஊரான ஜெலுத்தோங்கில் சந்தைக்கு எதிரே இருந்த, இப்போது கைப்பேசிக் கடையாகிவிட்ட பாரூக் அண்ணனின் கேசட் கடை அப்படியே நினைவில் திரும்பி வந்தது. பள்ளி விட்டதும் நானும் அக்காவும் அங்கேதான் ஓடுவோம். மெதுவாகத் தொடங்கி, கித்தார் அலற, டிரம்ஸ் இடிக்க உச்சிக்கு ஏறும் ராக் காதல் பாட்டுகளைக் கேட்டால் எங்களுக்கு உடம்பே சிலிர்க்கும்.

"எல்லாம் வியாபாரம் லா, தங்கச்சி. அழ வெச்சாத்தான் கேசட் ஓடும்," என்பார் பாரூக் அண்ணன்.

"மனசுலேர்ந்து வராம இப்படிப் பாட முடியுமாண்ணே?" என்று அக்கா சீறுவாள்.

ஒருநாள் நாங்கள் நுழைந்தது அவருக்குத் தெரியவில்லை. ஸ்பீக்கர் அதிர, கண்ணை மூடி, உச்சக் குரலில் அப்படியொரு காதல் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்; கன்னம் நனைந்திருந்தது. எங்களைக் கண்டதும் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, "ஸ்பீக்கர் செக் பண்றேன் லா," என்றார்.

"அப்ப இன்னொரு தடவ செக் பண்ணுங்கண்ணே!" என்றாள் அக்கா.

மூவரும் அந்தப் பாட்டைத் தொண்டை கிழியக் கத்தினோம்.