குழிக்காரி ஆஃப்ரா

டிரோல் மலையின் இந்தக் கோடியில் ஆஃப்ராவுக்குக் குழிக்காரி என்று பெயர். வெளியூர்க்காரர்களைப் பனிமலைக்குக் கூட்டிப்போவது அவள் பிழைப்பு. எந்தச் சரிவிலும் கால் வைக்குமுன் பனி வாரும் ஷவலால் குழி பறிப்பாள். குழியின் சுவரில் ஒரு தூணை வெட்டி நிறுத்தி, அதன் தலையில் ஷவலை வைத்துத் தட்டுவாள்: முதலில் மணிக்கட்டை அசைத்து மெல்ல, அப்புறம் முழங்கையிலிருந்து, கடைசியாகத் தோளிலிருந்து ஓங்கி. மெல்லத் தட்டும்போதே தூண் சறுக்கினால், ஆள் ஏறியதும் சரிவே பெயர்ந்துவிடும் என்று அர்த்தம்; வீடு திரும்ப வேண்டியதுதான். பாதி நாள் திரும்பிவிடுவாள். ஊருக்குச் சிரிக்க அது போதாதா?

ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று பூசை முடிந்ததும் எங்கள் ஆண்கள் வடக்குச் சரிவில் காலில் பலகை கட்டிச் சறுக்கி இறங்குவது வழக்கம். அந்த வருஷம் அவள் புருஷன் வெண்டலினும் கிளம்பினான். ஆஃப்ரா கூடவே ஏறி, சரிவின் விளிம்பில் குழி பறித்தாள். முதல் தட்டுக்கே மேல்பனி மொத்தமாகச் சறுக்கி அவள் மடியில் விழுந்தது. அடியில் சர்க்கரை மாதிரி உதிரும் பனி.

"அடியில பிடிமானமே இல்ல, வெண்டல். இன்னிக்கு வேணாம். முகட்டு வழியா இறங்கிடலாம்."

சாராயக்கடை கஷியான் விழுந்து விழுந்து சிரித்தான். "போடா, பொண்டாட்டி கையப் பிடிச்சுக்கிட்டு நடந்தே இறங்கு."

வெண்டலினுக்கு முகம் சிவந்துவிட்டது. முதல் ஆளாக இறங்கினான். பின்னாலேயே மற்றவர்களும். ஒன்றும் ஆகவில்லை. அன்று கஷியான் கடையில் அவளைச் சொல்லி எழுந்த சிரிப்பு அங்கே பின்கட்டில் சமைத்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. கரண்டியால் நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெண்டலின் மறுபடி கிளம்பினான். அவள் வாசலை மறித்தாள்.

"அந்தப் பனி இன்னும் அப்படியேதான் இருக்கு. போகாத."

"நாங்க இறங்கின தடம் இருக்கே, தெரியலையா? அத்தனை பேரத் தாங்கினது என் ஒருத்தனத் தாங்காதா?"

எங்கள் ஊரே செய்யும் தப்பு இது. முன்பு எல்லாரும் கனத்த பனிமேல் போயிருந்தார்கள். இவன் தடத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, பனி மெலிந்த இடத்தில் இறங்கினான். அங்கே அவன் கனம் அடியில் இருந்த உதிரிப் பனியை எட்டிவிட, சரிவு மொத்தமும் பெயர்ந்து வந்துவிட்டது.

மனம் கேட்காமல் ஆஃப்ரா பின்னாலேயே போயிருந்தாள். புதைந்தவனைத் தேட அவன் மார்பில் கட்டியிருந்த கருவியின் ஒலியைத் தன் கருவியில் பிடித்து, பனியில் நீளக் கம்பி குத்தி, இடத்தைக் கண்டாள். அதே ஷவலால் தோண்டினாள். உயிர் இல்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் சூப் குடிக்கையில் கஷியான் பெருமூச்சு விட்டான். "நீ கொஞ்சம் கண்டிப்பா சொல்லியிருந்தா கேட்டிருப்பான், ஆஃப்ரா."

"சொன்னப்ப நீதான மொதல்ல சிரிச்ச" என்றாள்.

வெட்கங்கெட்டவர்கள், சூப்பை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள்.

அடுத்த வருஷத் திருநாளுக்கும் அதே சரிவில்தான் இறங்கினார்கள். வெண்டலின் நினைவாக இறங்கினார்களாம்.